சோழபுரத்தில் ஆறரை மணி ஷோ!

'வௌவால் பார்க்கப் போறேன்'னு வீட்டுல ஒரு தடவை சொல்லிப் பாருங்க. அம்மா உங்களை மேலும் கீழும் பார்ப்பாங்க. அப்பா பேப்பரை மடக்கி வெச்சுட்டு, 'அரியர் எத்தனை இருக்கு?'ன்னு கேட்பார். அதனால, 'ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டு பால்கோவா வாங்கிட்டு வர்றேன்'னு சொல்லிட்டுக் கிளம்புங்க. பொய் இல்லை. முதல்ல அங்கேதான் போகப் போறோம்!

எடுத்துக்க வேண்டியது ரொம்ப இல்லை. ஒரு டார்ச், அதோட முகத்துல கட்ட ஒரு துண்டு சிவப்பு கண்ணாடிக் காகிதம், தண்ணீர் பாட்டில், ஷூ (செருப்பு வேண்டாம், கண்மாய்க் கரையில பாம்பு இருக்கும்). அப்புறம், அரை மணி நேரம் வாயை மூடிட்டு உட்காரத் தெரிஞ்ச ஒரு ஃப்ரெண்ட். கடைசி அயிட்டம்தான் கிடைக்கிறது கஷ்டம்.

நாள் பார்த்துப் போங்க. சோசியர் சொல்ற நாள் இல்லை, அமாவாசையை ஒட்டின நாள். ஏன்னு அப்புறம் சொல்றேன்.

இருட்டுக்கு ஒரு வீடு

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கினதும் கண்ணுல படுறது அந்த 11 நிலை ராஜகோபுரம். கும்பிடுறவங்க கும்பிடலாம், போட்டோ எடுக்கறவங்க எடுக்கலாம். நான் உங்களைக் கேட்கிறது வேற. நம்ம ஊர்ப் பக்கம் பழைய கோயில்களுக்குள்ள நுழையும்போது, சின்ன வயசுல மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடின ஞாபகம் இருக்கா? பிராகாரத்து மூலையில, பூட்டிக் கிடக்கிற மண்டபத்துல இருந்து ஒரு நெடி வருமே... அதுதான் வௌவால் புழுக்கை வாசனை. இப்போ நிறையக் கோயில்கள்ல அந்த வாசனை இல்லை. டைல்ஸ் போட்டாச்சு, டியூப் லைட் மாட்டியாச்சு, கோபுர வாசல்ல கம்பி வலை அடிச்சாச்சு. சுத்தமா இருக்குன்னு நாம சந்தோஷப்படுறோம். அங்கே தொங்கிட்டு இருந்தவங்க எங்கே போனாங்கன்னு யாரும் கேட்கலை.

கேட்ட சிலர் உண்டு. ஏட்ரீ ஆய்வு நிறுவனத்துக்காரங்க, நமக்குத் தெற்கே இருக்கிற திருநெல்வேலிச் சீமையில, கோயில் கோயிலா ஏறி இறங்கி வௌவால்களைக் கணக்கெடுத்தாங்க. 2022-ல் அந்த ஆய்வு வெளியாச்சு. சுத்திலும் வயல்தான், பெரிய மரமோ குகையோ இல்லைங்கிற ஊர்கள்ல, வௌவால்களுக்கு மிச்சம் இருக்கிற குகை இந்தக் கோயில்கள்தான்னு அதுல தெரியுது. இருட்டு அறையும் கோபுரமும் இருக்கிற இடத்துல வௌவால் தங்குது. வெளிச்சமும் மராமத்தும் வர்ற இடத்தைவிட்டுப் போயிடுது. நாம 'பாழடைஞ்ச மூலை'ன்னு சொல்ற இடம், அதுக்குப் பிரசவ வார்டு!

கோபுரத்தைப் பார்த்த கையோட அப்படியே மேற்கே திரும்புங்க. சுவர் மாதிரி நிக்குதே மலை, அது சும்மா மலை இல்லை. அந்த மலையடிவாரத்துச் சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும், அந்தப் பக்கம் தேனி மாவட்டத்து மேகமலையையும் சேர்த்து 2021-ல் புலிகள் காப்பகமா அறிவிச்சாங்க. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல. எல்லாரும் புலியைப் பத்திப் பேசுறாங்க. எனக்கு அந்த மலையில பிடிச்ச ஆளு வேற.

1948-ல் ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு வெள்ளைக்காரர், இயற்கை ஆர்வலர், மேகமலையில ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சு, பாடம் பண்ணி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே இருந்தவங்க 'ஓ, நம்ம சாதாரண குட்டைமூக்கு வௌவால்'னு சீட்டு எழுதிக் கட்டி, டிராயர்ல போட்டுட்டாங்க. இருபது வருஷத்துக்கும் மேல அது அங்கேயே தூங்குச்சு. அப்புறம் தாய்லாந்துக்காரர் கிட்டி தோங்லோங்யா வந்து டிராயரைத் திறந்து பார்த்துட்டு, 'ஏங்க, இது அது இல்லீங்க'ன்னார். 1972-ல் அது உலகத்துக்கே புது இனம்னு அறிவிக்கப்பட்டது. இனம் மட்டும் இல்லை, பேரினமே புதுசு. பேர், சலீம் அலி பழந்தின்னி வௌவால். மறுபடி உயிரோட பார்க்க 1993 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு. மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்குக் கோடியைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. (தோங்லோங்யாவுக்கும் ஒரு மரியாதை நடந்தது. அவர் 1974-ல் இறந்த பிறகு, அவர் கண்டுபிடிச்ச, ரெண்டு கிராம் எடையுள்ள, உலகத்துலேயே குட்டி வௌவாலுக்கு அவர் பேரையே வெச்சாங்க.)

அதைப் பார்க்க நாம போக முடியாது. காப்பகத்துக்குள்ள இஷ்டத்துக்கு நுழையக் கூடாது, அதுவும் ராத்திரியில கூடவே கூடாது. யானை இருக்கு. நாம போறது மலைக்குக் கீழே.

சோழபுரம்... இறங்குங்க!

பால்கோவாவைப் பையில போட்டாச்சா? ராஜபாளையத்துக்கு பஸ். அங்கே ஒரு டீ. அப்புறம் தென்காசி ரோட்டுல தெற்கே போற டவுன் பஸ்ல, 'சோழபுரம் போகுமாண்ணே?'ன்னு கேட்டுட்டு ஏறுங்க. ஸ்பின்னிங் மில், ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற கூட்டம், தென்னந்தோப்பு, மாந்தோப்பு... ஜன்னல் சீட் கிடைச்சா நல்லது, வலது பக்கம் கிடைச்சா இன்னும் நல்லது. மலை கூடவே வரும்.

எங்க அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊர் இந்தப் பக்கம்தான். முழுப் பரீட்சை லீவு எல்லாம் எனக்கு இங்கேதான் கழிஞ்சது. சேத்தூர், சோழபுரம், தேவதானம்னு வரிசையா மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர்கள். தேவதானம் சிவன் கோயிலை இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்கள்ல ஆகாயத் தலம்னு சொல்லுவாங்க. ஆகாயத்தைப் பார்க்க வந்த நமக்குப் பொருத்தம்தான்!

ஆறுன்னு சொன்னதும் தாமிரபரணி மாதிரி கற்பனை பண்ணிக்காதீங்க. இங்கே ஆறுன்னா, மலையில சாரல் அடிச்சா ஓடும், ஐப்பசி கார்த்திகையில மழை கொட்டினா கரை தட்டும், மத்த நாள் மணல்தான். அய்யனார் கோயில் ஆறு, சாஸ்தா கோயில் ஆறுன்னு மலையில இருந்து இறங்குற ஓடைகள் எல்லாம், கண்மாயை நிரப்பி, மிச்சம் இருந்தா மறுகால் பாஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போய், அதுலயும் மிச்சம் இருந்தா வைப்பாற்றுக்குப் போகும். மிச்சம் இருக்கிறது அபூர்வம். ஆனா ஓடையில தண்ணி இல்லாட்டியும் ஓடையோரத்துல மரம் இருக்கும். மருதம், புங்கை, நாவல், பூவரசு, பனை. மலையில இருந்து கண்மாய் வரைக்கும், கண்மாய்ல இருந்து தோப்பு வரைக்கும், கறுப்பு நூல் கோத்த மாதிரி ஒரு மர வரிசை. பகல்ல பார்த்தா அது உங்களுக்கு ஒண்ணுமே தோணாது. ராத்திரியில அதுதான் நேஷனல் ஹைவே!

வௌவால் ஏன் இந்த வழியில போகுது? காத்து மறைப்பு ஒண்ணு. மரத்தை ஒட்டிப் பறந்தா ஆந்தைக்கு டிமிக்கி கொடுக்கலாம், அது ரெண்டு. மூணாவதுதான் முக்கியம்... சாப்பாடு. தண்ணியில முட்டையிடுற பூச்சிகள் பொழுதடைஞ்சதும் கூட்டம் கூட்டமா எழும்பும். நம்மளைக் கடிக்கிற கொசுவும் அதுல அடக்கம். கண்மாய்க் கரையில சாயங்காலம் உட்கார்ந்து நீங்க கன்னத்துல அறைஞ்சுக்கிற ஒவ்வொரு அறையும், பந்தி தொடங்கப் போகுதுங்கிறதுக்கு மணி.

டிக்கெட் இல்லாத பால்கனி

கரைமேல, மடைக்குப் பக்கத்துல ஒரு இடம் பிடிங்க. மேற்கே பார்த்து உட்காருங்க. கார்த்திகை மாசம்னா ஆறு மணிக்கு, ஆனி மாசம்னா ஆறே முக்காலுக்கு சூரியன் மலைக்குப் பின்னால போயிடும். கொக்கு, நாரை எல்லாம் அடைஞ்சு முடியும். தகைவிலான் குருவி ரெண்டு மூணு கடைசி ரவுண்டு அடிக்கும். அது போய், ஆகாயம் வெண்டைக்காய்ப் பூ நிறத்துக்கு வர்ற நேரம்... 'அது குருவியா?'ன்னு உங்க ஃப்ரெண்டு கேட்பான். இல்லை. குருவி நேரா போகும். இது திடீர்னு ஒடிஞ்சு, தலைகீழா விழுந்து, மறுபடி எழும்புதே, இதுதான் முதல் வௌவால். அஞ்சு ரூபாய்க் காசைவிட எடை கம்மி. அது ஒடிஞ்சு விழுந்த இடத்துல ஒரு பூச்சி காலி.

அப்புறம் ஒண்ணு பத்தாகும். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். இங்கேதான் நம்ம மதுரைக்காரங்க உதவிக்கு வர்றாங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தெரியும்ல... இங்கிருந்து 85 கிலோமீட்டர் சுமாருக்கு. 1970-கள்ல இருந்து அங்கே எம்.கே.சந்திரசேகரன், ஜி.மாரிமுத்துன்னு ஒரு கூட்டம் வௌவால் பின்னாலேயே அலைஞ்சது. ஜெர்மனியில இருந்து கெர்ஹார்ட் நாய்வைலர் குழுவும் வந்து சேர்ந்தது. சமண முனிவர்கள் தவம் இருந்த மலைக் குகைகள்ல இவங்க ராத்திரித் தவம் இருந்தாங்க. உலகத்துல வௌவால் படிக்கிற எந்தப் பிள்ளையும் 'மதுரை'ங்கிற பேரைத் தாண்டாமப் போக முடியாது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் தெரியாது!

அவங்க கண்டது என்னன்னா, ஆகாயம் வௌவால்களுக்கு ஒரே மைதானம் இல்லை, மாடி மாடியா இருக்கு. மரத்து உச்சிக்கு மேல, ரொம்ப உயரத்துல, வேகமா நேரா போறது ஒரு கூட்டம். அது நீளச் சிறகுக்காரங்க. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவுல வளைஞ்சு நெளியறது குட்டிங்க. இலையை உரசிக்கிட்டுச் சுத்துறது இலைமூக்கு வௌவால். தரையை ஒட்டிப் போறது வேற ஒருத்தர், அவர் வில்லன், அவருக்குத் தனி என்ட்ரி இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு குரல். உயரத்துல பறக்கிறவங்களோட சத்தம் தாழ்ந்த சுதி. தூரம் வரைக்கும் போகும். இலைமூக்கு வௌவாலோட சத்தம் 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம். நம்ம காதுக்கு 20 தாண்டினாலே பூஜ்யம். அந்த உச்சஸ்தாயி காத்துல கொஞ்ச தூரத்துலேயே கரைஞ்சுடும், அதனால இலைக்குப் பக்கத்துலேயே அது வேலை பார்க்கணும். யார் எங்கே சாப்பிடணும்னு அவங்கவங்க தொண்டையே தீர்மானிக்குது!

எனக்கு ரொம்பப் பிடிச்சது எலிவால் வௌவால் கதை. தனியா வேட்டையாடும்போது ஒரே அலைவரிசையில கத்துது. கூட்டமாப் போனா? ஒருத்தர் சத்தத்துல இன்னொருத்தர் எதிரொலி குழம்புமே... அதனால 30, 32.5, 35 கிலோஹெர்ட்ஸ்னு ஆளுக்கு ஒரு வரிசை எடுத்துக்குது. ஹாபர்ஸெட்ஸர்ங்கிற ஆய்வாளர் மதுரையில இருந்து 1981-ல் எழுதினார். நம்ம எஃப்.எம். ஸ்டேஷன்கள் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அலைவரிசை ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு. அதுவும் ஏலம் இல்லாம!

தண்ணி ஒரு கண்ணாடி

இப்போ நல்லா இருட்டிடுச்சு. டார்ச்சைப் போடாதீங்க, கண்ணு பழகட்டும். கண்மாய்த் தண்ணியைப் பாருங்க, காத்து இல்லாத இடமாப் பார்த்துக் கவனிங்க. ஏதோ ஒண்ணு வழுக்கிக்கிட்டு வந்து, மின்னல் வெட்டுற நேரத்துல தண்ணியைத் தொட்டுட்டு எழும்பும். தண்ணி குடிக்குது. பறந்துக்கிட்டே!

அலையில்லாத தண்ணி ஒலிக்குக் கண்ணாடி மாதிரி. வௌவால் போடுற சத்தம் சாய்வா அடிச்சு முன்னாடி தெறிச்சுப் போயிடும், திரும்பி வராது. அதாவது, அதுக்குத் தண்ணிங்கிறது ஒரு மௌனம். மேல ஒரு பூச்சி கிடந்தா, அது மட்டும்தான் பதில் சொல்லும். வெள்ளைத் தாள்ல ஒரு மைப்புள்ளி மாதிரி பளிச்னு தெரியும். ஸ்டெஃபான் கிரீஃப், பியோர்ன் சீமர்ஸ்னு ரெண்டு பேர் ஒரு குறும்பு பண்ணி, 2010-ல் அதை எழுதினாங்க. வழவழப்பான உலோகத் தகட்டை மணல்மேல வெச்சாங்க. வௌவால்கள் திரும்பத் திரும்ப வந்து தகட்டை நக்கப் பார்த்துச்சு. ஆறு, குளமே பார்த்திராத குட்டிகளும் அதையே செஞ்சுது. பிறக்கும்போதே 'வழவழன்னா தண்ணி'ன்னு எழுதி வெச்சிருக்கு. பாவமாவும் இருக்கு, பிரமிப்பாவும் இருக்கு.

வில்லன் என்ட்ரி இப்போ. பெரிய காது, ரெண்டும் நடுவுல ஒட்டினது, வால் கிடையாது, நாற்பது கிராம் எடை. பொய் ரத்தக்காட்டேரின்னு அர்த்தம் வர்ற மாதிரி இங்கிலீஷ்ல பேர் வெச்சிருக்காங்க. ரத்தம் எல்லாம் குடிக்காது. தவளை, எலி, பல்லி, சமயத்துல குருவி. தரையை ஒட்டிப் பறக்கும்போது, மாரிமுத்துவும் நாய்வைலரும் 1987-ல் எழுதின மாதிரி, இது காதை மட்டும் நம்பும். தவளை கத்தினா கண்டுக்காது. தவளை நகர்ந்தா, அந்தச் சரசரப்புக்குப் பாயும். செத்த தவளையை நூல்ல கட்டி இழுத்தாக்கூட வந்து பிடிச்சுது! அப்போ தவளை அசையாம இருந்தா தப்பிச்சுடலாமா? தரையில, சரி. தண்ணியில? மாரிமுத்து குழு 1995-ல் அதையும் சோதிச்சாங்க. தண்ணிக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு இருக்கிற தவளையை, தானே சத்தம் போட்டு, எதிரொலி கேட்டுப் பிடிக்குது. கண்ணாடி மேல புள்ளி! தரையில காதைத் தீட்டுறவன், தண்ணிக்கு வந்ததும் குரலைத் தீட்டுறான். இடத்துக்கு ஏத்த உத்தி. கண்மாயோரத்துல தவளைங்க கச்சேரி திடீர்னு ஒரு நொடி நின்னா, நானும் மூச்சை நிறுத்திடுவேன்.

கண்மாய் முழுக்க ஆகாயத்தாமரை மூடிக்கிட்டா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுப் பார்த்துக்குங்க. கண்ணாடியில சாக்கடை பூசின மாதிரி.

மாமாவும் வலையும்

மணி எட்டாகப் போகுது. பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, தோப்புப் பக்கம் போலாம். தெரிஞ்சவங்க துணையில்லாம ராத்திரி தோப்புக்குள்ள போகாதீங்க. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உண்டு, காவலுக்கு ராஜபாளையம் நாயும் உண்டு. ரெண்டாவதுக்கு நான் ஜாமீன் தர மாட்டேன்.

ராஜபாளையம்னா சப்பட்டை மாம்பழம், பஞ்சவர்ணம் மாம்பழம். எங்க மாமா இருபது வருஷமா தோப்பு குத்தகைக்கு எடுக்கிறவர். நான் ப்ளஸ் டூ முடிச்ச வருஷம், சீசன் கடைசி. பழந்தின்னி தொந்தரவு தாங்கலைன்னு பழைய மீன்வலையை வாங்கி மரத்துமேல போர்த்தியிருந்தார். காலையில போய்ப் பார்த்தா வலையில ஒரு குட்டைமூக்கு வௌவால். பெட்டை. சிறகு கிழிஞ்சு, நூல் தோள்ல அறுத்துப் போயிருந்தது. நெஞ்சுல ஒரு குட்டி கவ்விக்கிட்டு இருந்தது. தாய் செத்துடுச்சு. குட்டி உயிரோட... அது என்னைப் பார்த்துச்சு. நாய்க்குட்டி முகம் அதுக்கு. மத்தியானம் வரைக்கும் இருந்தது.

நான் மாமாகிட்ட சண்டைக்குப் போனேன். அவர் கத்தலை. "மாப்ள, நீ பாவம் பாக்க. சரி. குத்தகைப் பணத்த அந்த வவ்வால் வந்து கட்டுமா?"ன்னார். எனக்குப் பதில் தெரியலை. ரொம்ப நாள் கழிச்சு, படிச்சுட்டுப் போய்ச் சொன்னேன். "மாமா, உங்க காயை முத்தினதும் பறிச்சு, பழுக்கவெச்சுத்தான விக்கிறீங்க? அது தேடி வர்றது மரத்துலேயே பழுத்ததைத்தான். முழுசா எல்லாம் அது தின்னுட்டதா ஏன் கணக்கு எழுதுறீங்க?" மாமா சிரிச்சார். "பாதி அணில் தின்னது, கால்வாசி உன் சேக்காளிக தின்னது. வவ்வா தின்னது மிச்சந்தான்"னார். ஆனா, வலையை எடுக்கலை.

வலையில ரெண்டு ஜாதி உண்டு. தொளதொளன்னு தொங்குற மீன்வலை கொல்லும். விரல் நுழையாத சின்னக் கண்ணி வலையை விறைப்பா இழுத்துக் கட்டினா, வௌவால் அதுல மோதிட்டு நகர்ந்து போயிடும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல, வீட்டுப் பழமரத்துக்குப் போடுற வலைக்கு 5 மில்லிமீட்டர் கண்ணிதான்னு 2021 செப்டம்பர்ல இருந்து சட்டமே போட்டுட்டாங்க. நம்ம நாட்டுல? 2022-ல் திருத்தம் வர்ற வரைக்கும், வனவிலங்குச் சட்டத்துல பழந்தின்னி வௌவாலுக்கு இருந்த இடம், எலியோடயும் காக்காயோடயும் சேர்த்து 'தொல்லை உயிரினம்'. யார் வேணும்னாலும் அடிக்கலாம். மேலே மேகமலையில இருக்கிற சலீம் அலி வௌவாலுக்கு முதல் அட்டவணைப் பாதுகாப்பு, கீழே தோப்புல இருக்கிற அதோட சொந்தக்காரனுக்குக் கல்லடி! அந்தத் 'தொல்லை' அட்டவணையே இப்போ சட்டத்துல இல்லை.

மாமா கணக்குல வராத வரவு ஒண்ணு இருக்கு. தோப்பு வரப்புல நிக்கிற இலுப்பை மரத்துப் பூவுக்கு ராத்திரி வர்ற விருந்தாளி பழந்தின்னிதான். பூவைத் தின்னுட்டு, மூஞ்சி பூரா மகரந்தத்தை அப்பிக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். இலவ மரமும் அப்படித்தான். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு மெத்தையில படுத்துக்கிட்டு வௌவாலைத் திட்டுறவங்களை எந்த லிஸ்ட்ல சேர்க்கிறதுன்னு தெரியலை! மாரிமுத்து மாணவர்கள் இந்த ரெண்டு மரத்தையும் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து கவனிச்சு எழுதியிருக்காங்க.

அமாவாசை கதையை இப்போ சொல்லிடறேன். சிங்காரவேலனும் மாரிமுத்துவும் ஒரு பழத்தோட்டத்துல உட்கார்ந்து பார்த்தாங்க. நிலா வெளிச்சத்துல பழந்தின்னிகளோட வரத்து குறைஞ்சுது. அப்போ சந்திர கிரகணம் வந்துச்சு. நிலா மறைஞ்ச நேரத்துல வரத்து கூடிடுச்சு! 2002-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழ்ல அது வந்தது. நிலா வெளிச்சத்துக்கே இவ்வளவு கூச்சப்படுற ஆளு, ஹைமாஸ் லைட்டுக்கு என்ன பண்ணும்?

ஒரு எச்சரிக்கை. வௌவால் கடிச்ச பழத்தைத் தின்னாதீங்க. கீழே விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால தொடாதீங்க. 2018-ல் கோழிக்கோட்டுல நிபா வந்தது ஞாபகம் இருக்கும். பழந்தின்னிகள் உடம்புல அந்தக் கிருமி இயல்பாவே இருக்கக்கூடியது. தள்ளி உட்கார்ந்து பார்க்கிறதுல ஆபத்து எதுவும் இல்லை. பீதியில மரத்தை வெட்டுறதுனால வர்ற நல்லதும் எதுவும் இல்லை.

உங்க காலேஜ் வாசல்லயே...

சோழபுரம் வரைக்கும் வர முடியாதவங்களுக்கு ஒரு டிப்ஸ். உங்க காலேஜ் வாசல்ல ஊசி மாதிரி நெட்டிலிங்கம் வரிசையா நிக்குமே... அண்ணாந்து பாருங்க. குட்டைமூக்கு வௌவால்ல ஆம்பிளை, கிளையையும் இலையையும் வாயால கடிச்சு மடக்கி, குடை மாதிரி ஒரு கூடாரம் கட்டும். கட்டி முடிச்சுட்டு, பொண்ணுங்க வருவாங்கன்னு உள்ளே தொங்கிக்கிட்டுக் காத்திருக்கும். பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியில பாலசிங் குழுவினர், அமெரிக்க வௌவால் நிபுணர் தாமஸ் குன்ஸோட சேர்ந்து 1995-ல் இதை விரிவா எழுதினாங்க. வீடு கட்டினாத்தான் கல்யாணம்! நம்ம பசங்களுக்கு இன்னும் அந்த ரூல் வரலை, தப்பிச்சாங்க.

கம்பத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

பஸ்ஸுக்கு அரை மணி நேரம் இருந்தா மறுபடி கரைக்கு வந்து உட்காருங்க. நான் கடைசியா போன தடவை அங்கே ஒரு மாற்றம். கரை முனையில புதுசா ஹைமாஸ் லைட். ஊருக்கு நல்லதுதான், அந்த வழியா மில் ஷிஃப்ட் முடிஞ்சு நடந்து வர்ற அக்காங்க எத்தனை வருஷமா கேட்டதுன்னு டீக்கடை அண்ணாச்சி சொன்னார். நானும் தலையாட்டினேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு... நான் ராத்திரி பத்து மணிக்குத் தனியா அந்தக் கரையில நடக்கிறவன் இல்லையே.

ஆனா லைட்டு ரோட்டைப் பார்த்து மட்டும் இல்லை, பாதி கண்மாயையும் சேர்த்து வெள்ளை அடிச்சிருந்தது. விளக்கைச் சுத்தி ஈசல் மாதிரி பூச்சி. அதுல குட்டி வௌவால் நாலஞ்சு விழுந்து விழுந்து தின்னுக்கிட்டு இருந்துச்சு, அதுங்களுக்கு வெளிச்சம் தோது. மத்தவங்க யாரும் இல்லை. இலைமூக்கு இல்லை. தண்ணி தொடுறவங்க இல்லை. ஓடையோரமா வர்ற மர வரிசை வெளிச்ச வட்டத்துக்கிட்ட வந்ததும் வெட்டின மாதிரி நின்னுது. அந்தப் பக்கம் அகலப்படுத்தின ரோட்டுல புளியமரங்களும் போயிருந்துச்சு. நூல் ரெண்டு இடத்துல அறுந்துபோயிருந்தது.

தலையில ஒரு தகரக் குல்லா மாட்டி, வெளிச்சத்தை ரோட்டுப் பக்கம் மட்டும் குனிய வெச்சா போதும். அக்காங்களுக்கும் வெளிச்சம், கண்மாய்க்கும் இருட்டு. பெரிய செலவு இல்லை. ஊர்க்காரங்க யார்கிட்டயாவது சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போ, நம்ம ஊர்ல அடிக்கடி நடக்கிறது நடந்தது. கரண்ட் கட்!

லைட்டு போச்சு. ஊர்ப் பக்கம் "ஓ..."ன்னு ஒரு சத்தம் எழும்பி அடங்குச்சு. முதல்ல ஒண்ணுமே தெரியலை. அப்புறம் நட்சத்திரம். அப்புறம் தண்ணியில நட்சத்திரம். பத்து நிமிஷம் இருக்கும்... ஓடைப் பக்கத்துல இருந்து ஒரு நிழல், தாழ்வா, அவசரமே இல்லாம, கரையை ஒட்டி வந்துச்சு. தண்ணியில கிடந்த நட்சத்திரம் ஒண்ணு கலைஞ்சுது. பின்னாலேயே இன்னொண்ணு.

கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைசி பஸ்ஸை விட்டுட்டு, மாமாவுக்கு போன் பண்ணி, டி.வி.எஸ். ஃபிஃப்டியில வந்து கூட்டிட்டுப் போகச் சொன்னேன். வந்தவர் வண்டியை நிறுத்திட்டு, ஹெட்லைட்டை அணைச்சுட்டு, "எங்கடா?"ன்னு பக்கத்துல உட்கார்ந்தார்.